மஞ்சள் சீட்டு



யார் நினைவாக நாம் இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தலைமையாசிரியர் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணிக்குப் போனவர். ஆகவே என் பேச்சையும் வாக்குச்சாவடியிலிருந்தே தொடங்குகிறேன்.

சட்டமன்றத் தேர்தலில் ஒரு பொத்தானை அழுத்தினால் நம் வேலை முடிந்தது. ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கையில் நான்கு சீட்டுகளைக் கொடுக்கிறார்கள். வார்டு உறுப்பினருக்குப் பொதுவாக வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபரில் மீதி 9 மாவட்டங்களிலும் மக்கள் இப்படித்தான் வாக்களித்தார்கள்.

இந்த நான்கையும் நாம் ஒரே மாதிரி அணுகுவதில்லை. வெள்ளைச் சீட்டில் இருப்பவர் நம் தெருக்காரர். குழாயில் தண்ணீர் வராத அன்று அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார முடியுமா என்பதை நாம் அறிவோம். சில நூறு பேர் வாக்களிக்கும் வார்டில் ஒரே வாக்கில் வெற்றி தோல்வி அமைவதும், சமமாகிக் குலுக்கல் போடுவதும் உண்டு. இளஞ்சிவப்புச் சீட்டிலும் ஆளை எடைபோட்டுத்தான் குத்துகிறோம். அந்த எடையில் சாதியும் பங்காளிப் பகையும் முந்தைய நாள் இரவு வந்த பணமும் சேர்கின்றன. தலைவர் பதவியை ஏலம் விட்டதாகச் செய்திகளும் வந்தன. எல்லாம் கண்டிக்க வேண்டியவைதான். ஆனால் வேட்பாளர் யாரென்று தெரியாமல் யாரும் குத்துவதில்லை. இவ்விரு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி போன்ற பொதுச் சின்னத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஆளை ஞாபகம் வைத்துக்கொண்டே ஆக வேண்டும்.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் வரும்போது கதை மாறுகிறது. சட்டப்படி ஏறத்தாழ 5,000 பேருக்கு ஓர் ஒன்றியக் கவுன்சிலர், 50,000 பேருக்கு ஒரு மாவட்டக் கவுன்சிலர். மஞ்சள் சீட்டு வேட்பாளரின் முகத்தைப் பெரும்பாலோர் சுவரொட்டியில்தான் பார்த்திருப்பார்கள். இங்கே கட்சிச் சின்னம் உண்டு. சென்னையில் யார் ஆள வேண்டும் என்று நாம் முன்பே எடுத்துவைத்த முடிவு, அந்தச் சின்னத்தின் வழியாக மஞ்சள் சீட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதை வாக்காளரின் அறியாமை என்று சொல்லிவிட நான் தயாராக இல்லை. ஆளைத் தெரியாத இடத்தில் சின்னத்தைப் பிடித்துக்கொள்வது நியாயமான யுக்தி. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஒழுகினால், ஒன்றியச் சாலை குண்டும் குழியுமானால், நாம் திட்டுவது ஊராட்சித் தலைவரை. அவை ஒன்றியத்தின் பொறுப்பு. பாராட்டும் பழியும் உரியவரைச் சேராதபோது, அடுத்த தேர்தலில் பச்சைச் சீட்டை எதை வைத்து முடிவு செய்வது?

இன்னொன்றும் உண்டு. ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சிக் குழுத் தலைவரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 தேர்தலுக்குப் பின் அந்த மறைமுகத் தேர்தல் 2020 ஜனவரி 11 அன்று நடந்தது. மாவட்டத் திட்டக் குழுவுக்குத் தலைமை தாங்குபவர் மாவட்ட ஊராட்சிக் குழுத் தலைவரே. நாம் யோசிக்காமல் மடித்துப் போட்ட மஞ்சள் சீட்டு அவ்வளவு தூரம் போகிறது.

வாக்காளருக்குப் பழக்கம் ஏற்படவும் நாம் விடுவதில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சிகளுக்கு மூன்றாண்டுக்கு மேல் கழித்தே தேர்தல் வந்தது. 27 மாவட்டங்களில் அடுத்து வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் மீண்டும் அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வாகத்துக்கு வந்தார்கள். நேரத்துக்கு வராத தேர்தலில் போன கவுன்சிலர் என்ன செய்தார் என்று யார் கணக்கு வைத்திருப்பார்கள்?

ஊராட்சித் தலைவரை நாம் ஓரளவு அறிந்திருப்பதற்கு, அவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பது மட்டும் காரணமல்ல. கிராம சபை என்று ஒன்று இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அவர் மக்கள் முன் வரவு செலவோடு உட்கார வேண்டும். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் அப்படி மக்கள் கூடும் சபை இல்லை. பச்சைச் சீட்டும் மஞ்சள் சீட்டும் நமக்கு அந்நியமாக இருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

மாணவர்களே, அடுத்த கிராம சபைக்கு நீங்கள் போங்கள். நம் ஊராட்சி எல்லைக்குள் ஒன்றியம் இந்த ஆண்டு எந்த வேலைக்கு எவ்வளவு செலவிட்டது என்பதைச் சபையில் படிக்க வேண்டும், கவுன்சிலர் இருந்தால் அவரும் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். முதல் முறை யாரும் வராமல் போகலாம். தீர்மானம் மட்டும் பதிவேட்டில் ஏறட்டும். அடுத்த தேர்தலில் பச்சைச் சீட்டைக் கையில் வாங்கும்போது, உங்கள் ஊருக்குக் கேட்க ஒரு கேள்வியாவது இருக்கும்.