வெள்ளையா கறுப்பா, பூவா தலையா?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“உங்கள் தொழில் அனுபவத்தைப் பற்றிப் பேசுங்கள்” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வங்கியில் வட்டிக் கணக்குப் போட்டே ஓய்வு பெற்றவன். அதைப் பேசினால் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே என் இன்னொரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன். விடுமுறை நாட்களில் மாவட்ட அளவிலான சதுரங்கப் போட்டிகளில் நடுவராக இருக்கிறேன். அங்கே பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

“சார், பேரு கொடுக்காம ஆன்லைன்ல செஸ் ஆடுறேன். பத்து ஆட்டத்துல எட்டுல எனக்குக் கறுப்புதான் வருது. கம்ப்யூட்டர் ஏமாத்துதா சார்?”

சிரிக்க வேண்டாம். நியாயமான கேள்விதான். சதுரங்கத்தில் வெள்ளைக் காய் வைத்திருப்பவர் முதலில் ஆடுகிறார். அதில் ஒரு சிறு சாதகம் இருக்கிறது. 1851இலிருந்து தொகுக்கப்பட்ட ஆட்டக் கணக்குகளைப் பார்த்தால் நூற்றுக்கு 52 முதல் 56 வரையான புள்ளிகள் வெள்ளைப் பக்கம் போயிருக்கின்றன. மீதிதான் கறுப்புக்கு. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் எப்போதும் எனக்கே குறைந்த பங்கு வருகிறது என்று ஒருவனுக்குத் தோன்றிவிட்டால், அப்புறம் அவனால் நிம்மதியாக ஆட முடியாது. தோற்றால் “எனக்குத் திறமை போதவில்லை” என்று நினைக்க மாட்டான், “என்னை வஞ்சித்துவிட்டார்கள்” என்பான். இந்த எண்ணம் சதுரங்கப் பலகையோடு நிற்பதில்லை. அதனால்தான் இதை இங்கே பேசத் துணிந்தேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணிதத் துறைக்காரனை மேடை ஏற்றினால் இந்தத் தண்டனை உண்டு!

ஒவ்வோர் ஆட்டத்திலும் பூவா தலையா போட்டு நிறம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆட்டம் ஆடினால் ஐந்து வெள்ளை, ஐந்து கறுப்பு வரும் என்றுதானே எதிர்பார்க்கிறோம்? அப்படிச் சரிபாதியாக அமைவது ஏறக்குறைய நான்கில் ஒரு தடவைதான். பத்து தடவை சுண்டும்போது மொத்தம் 1,024 வரிசைகள் வரலாம். அவற்றில் 252இல் மட்டுமே சரிபாதி. எட்டோ அதற்கு மேலோ கறுப்பு வரும் வரிசைகள் 56. அதாவது பதினெட்டில் ஒன்று. இந்த மண்டபத்தில் 360 மாணவர்கள் இருந்து, ஆளுக்குப் பத்து ஆட்டம் ஆடினால், சுமார் இருபது பேருக்கு அந்தப் பையனுக்கு நேர்ந்தது நேரும். யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. அந்த இருபது பேரும் நடுவரைத் தேடி வருவார்கள். எட்டு தடவை வெள்ளை கிடைத்த இன்னொரு இருபது பேர் வாயைத் திறக்க மாட்டார்கள்!

தொடர்ந்து கறுப்பே வருவதும் அப்படித்தான். நூறு பேர் ஆளுக்கு நூறு ஆட்டம் ஆடினால், ஏறக்குறைய 80 பேருக்கு எங்காவது ஓரிடத்தில் ஐந்து கறுப்பு அடுத்தடுத்து வந்திருக்கும். ஐந்து கறுப்பு வந்துவிட்டதே, ஆறாவதாவது வெள்ளையாக வராதா என்று கேட்டால், வராமலும் போகலாம். போன தடவை எந்தப் பக்கம் விழுந்தோம் என்பது நாணயத்துக்குத் தெரியாது.

சரி, உண்மையிலேயே கோளாறு இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து ஆட்டம் போதாது. நூறு ஆட்டத்தைக் குறித்து வையுங்கள். கைவிடப்பட்டவற்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். கறுப்பு 40க்கும் 60க்கும் இடையில் இருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 65ஐத் தாண்டினால் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். நினைவை நம்பி மட்டும் வராதீர்கள். கறுப்பில் தோற்றது மனசில் தங்கும், வெள்ளையில் ஜெயித்தது மறுநாளே மறந்துபோகும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு பலகைக்கு இரண்டு பேர். எனக்குக் கறுப்பு என்றால் எதிரே இருப்பவருக்கு வெள்ளை. உலகத்தில் உள்ள எல்லாருக்கும் கறுப்பே அதிகம் வர வழியே இல்லை.

இப்போது பிள்ளைகள் அடுத்த கேள்வியைப் போடுவார்கள். “அப்படின்னா போட்டியில மட்டும் ஏன் சார் சமமா கொடுக்கறீங்க?” நல்ல கேள்வி. நாங்கள் நடத்தும் சுவிஸ் முறைப் போட்டியில் முதல் சுற்றுக்கு மட்டும்தான் சீட்டுக் குலுக்கல். அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு போயிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இணை சேர்க்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டைத் தாண்டக் கூடாது. மூன்று தடவை தொடர்ந்து ஒரே நிறம் கொடுக்கக் கூடாது. கடைசிச் சுற்றில் சில விதிவிலக்குகள் உண்டே தவிர, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதி இதுதான். ஏழு சுற்றுப் போட்டியில் யாராவது சிலருக்கு நான்கு கறுப்பு வந்தே தீரும். “எம் புள்ளைக்கு மறுபடியும் கறுப்பா?” என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தால் பட்டியலை எடுத்துக் காட்டுவேன். “பாருங்கம்மா, போன சுற்றில் வெள்ளை, அதுக்கு முந்தின சுற்றில் கறுப்பு.” பட்டியலைப் பார்த்ததும் பெரும்பாலும் சமாதானமாகிவிடுவார்கள்.

உலக சாம்பியன் போட்டியில் இதைவிடக் கவனம். 2013இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதினார்கள் அல்லவா? 12 ஆட்டங்களாக வகுத்து, வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரும்படி வைத்தார்கள். அதோடு விடவில்லை. ஒருவரே எப்போதும் முந்தி வெள்ளை பெறக் கூடாது என்று பாதி வழியில் வரிசையைத் திருப்பினார்கள். அதனால்தான் ஆறாவது ஆட்டத்திலும் ஏழாவது ஆட்டத்திலும் ஆனந்துக்கு அடுத்தடுத்து வெள்ளை வந்தது. ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு நான்கு பலகை. முதல் பலகையிலும் மூன்றாவதிலும் ஒரு நிறம், இரண்டாவதிலும் நான்காவதிலும் மற்ற நிறம். ஒரு சுற்றுக்குள்ளேயே சரிக்குச் சரி.

ஆக, நியாயம் என்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சமமான வாய்ப்பு. அதை நாணயம் கொடுக்கும். ஒரு கையில் வெள்ளைச் சிப்பாயையும் மறு கையில் கறுப்புச் சிப்பாயையும் மறைத்து நீட்டுகிறோமே, அதுவும் கொடுக்கும். இன்னொன்று சமமான பங்கு. அதற்குக் கடந்த காலத்தை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். யாருக்கு எது போனது என்று எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்க வேண்டுமானால் ஆளுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும்.

இங்கேதான் பெயரில்லா ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. லிச்செஸ் என்ற தளம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2010இல் தொடங்கியது. இலவசம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். பொது அறையில் இரண்டு பேரை அது இணைக்கும்போது, இருவரும் பெயர் பதிந்தவர்களாக இருந்தால் முன்பு யாருக்கு வெள்ளை அதிகம் போனது என்று பார்த்து நிறம் கொடுக்கும்படி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பெயர் பதியாதவராக இருந்தாலும் பூவா தலையாதான். வேறு என்ன செய்ய முடியும்? நேற்று வந்தவரும் இன்று வந்தவரும் ஒரே ஆளா என்பதே அதற்குத் தெரியாதே! “என்னைக் கவனிக்காதே, ஆனால் எனக்கு என்ன கொடுத்தாய் என்பதை மட்டும் நினைவில் வை” என்று கேட்பது நடக்கிற காரியமா?

நம் ஊரிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். நாம் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதே கல்வெட்டில், முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்கள் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. குலுக்கலையும் நம்பினார்கள், கணக்கையும் வைத்துக்கொண்டார்கள். நாணயம் மட்டும் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக, நான் பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். நாணயம் நூறு சதவீதம் நேர்மையாக இருந்தும் ஒருவருக்குக் கறுப்பு அதிகம் வர ஒரு வழி உண்டு.

ஆன்லைன் ஆட்டத்தில் முதல் நகர்வுகள் முடிவதற்குள் ஆட்டத்தைக் கைவிடலாம். தோல்வியாக எழுத மாட்டார்கள். சிலர் என்ன செய்கிறார்கள்? கறுப்பு என்று தெரிந்ததும் கைவிட்டு வெளியே போய், வெள்ளை வரும்வரை திரும்பத் திரும்ப நுழைகிறார்கள். எதிராளிகளில் பத்தில் ஒருவர் இப்படி என்று வையுங்கள். நீங்கள் ஒழுங்காக உட்கார்ந்து ஆடுகிறவர். நூறு தடவை இணைத்தால் ஐம்பதில் உங்களுக்குக் கறுப்பு. அத்தனையும் ஆடி முடிப்பீர்கள். மற்ற ஐம்பதில் உங்களுக்கு வெள்ளை, எதிரே இருப்பவருக்குக் கறுப்பு. அந்த ஐம்பதில் ஐந்து பேர் ஓடிவிடுவார்கள். மிஞ்சுவது 45. ஆக ஆடி முடித்த 95 ஆட்டத்தில் 50 கறுப்பு, 45 வெள்ளை. பத்தில் ஒருவர் என்பது ஐந்தில் ஒருவர் என்று ஆனால் 50 கறுப்பு, 40 வெள்ளை. நாணயத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்களிடம் குறைந்த வெள்ளை ஓடிப்போனவர்களிடம் சேர்ந்துவிட்டது. சின்ன வயதில் இதற்கு நாம் அழுகுணி ஆட்டம் என்று பெயர் வைத்திருந்தோம்.

பெயர் பதிந்தவர் அடிக்கடி இப்படிச் செய்தால் கொஞ்ச நேரம் ஆட விடாமல் தடுத்து வைக்க முடியும். பெயரில்லாதவரை யார், எதை வைத்துத் தடுப்பது? அங்கே நியாயத்தைக் காப்பாற்றுவதில் பாதிப் பொறுப்பு கம்ப்யூட்டருடையது. மீதிப் பாதி ஆடுகிறவருடையது. நீங்கள் கைவிட்டுப் போனால் உங்களை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவருடைய கணக்கில் ஒரு வெள்ளை குறைந்திருக்கும். அவர் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

என் வயதுத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் இன்று அலுவலகங்களில் ஆட்களைத் தேர்வு செய்யும் இடத்திலும், இரவுப் பணி யாருக்கு, வெளியூர் மாற்றல் யாருக்கு என்று முடிவு செய்யும் இடத்திலும் இருக்கிறோம். அங்கே எல்லாரையும் பெயர் சொல்லித் தெரியும். போன தடவை யாருக்குக் கறுப்பு போனது என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் “குலுக்கலில் வந்தது, நான் என்ன செய்ய?” என்று கையை விரிக்கக் கூடாது. நமக்குப் பட்டியல் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியை நினைத்துப் பாருங்கள். 14 ஆட்டம், ஆளுக்கு ஏழு வெள்ளை. முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய் வைத்திருந்த நம் குகேஷ் தோற்றார். பதினான்காவது ஆட்டத்துக்கு உட்காரும்போது ஆளுக்கு 6.5 புள்ளி, சரிசமம். அன்று குகேஷிடம் இருந்தது கறுப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளை மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடி, டிங் லிரன் செய்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு 7.5க்கு 6.5 என்று பட்டத்தை வென்றார்.

கறுப்பு வந்தால் எழுந்து போகாதீர்கள். உட்கார்ந்து ஆடுங்கள். அடுத்ததும் கறுப்பாகவே வரலாம், அதையும் ஆடுங்கள். நூறு ஆட்டம் ஆன பிறகு கணக்குப் பார்ப்போம்.