இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டுகளும் இடையறாத கல்வியும்

(குண்டடத்தில் கூடிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது குண்டடம் பிரதேசத்தில் மழையை நம்பி உழுவோரும், விடியுமுன் கம்பெனி வண்டியேறித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் செல்வோருமே மிகுதி. உழைப்பாளி ஒருவன் அகால மரணமடைந்தால், அவன் குடும்பத்துக்குக் கைகொடுப்பது பலசமயம் ஒரு பாலிசிப் பத்திரமே. அதை எழுதித் தருபவர் நம் பங்காளியாகவோ மாமன் மைத்துனராகவோ இருப்பார். உறவினரைக் கேள்வி கேட்க நமக்கு நா எழுவதில்லை. அவர் இத்தொழிலைக் கற்றது எப்பொழுது, அதன்பின் கற்றாரா என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

1938ஆம் வருஷத்து இன்ஷியூரன்ஸ் சட்டம் ஏஜெண்டுக்கு லைசென்ஸ் வேண்டுமென விதித்தது. 2000ஆம் வருஷத்து விதிகளோ, புதியவர் 100 மணி நேரம் பயிற்சி பெற்றுப் பரீட்சையில் தேறவேண்டும் என்றன. லைசென்ஸின் ஆயுள் மூன்று வருஷம். புதுப்பிக்குமுன் மீண்டும் 25 மணி நேரம் பயிலவேண்டும். 2015ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தாலும் 2016ஆம் வருஷத்து விதிகளாலும் இம்முறை மாறிற்று. ஏஜெண்டைக் கம்பெனியே நியமித்துக்கொள்ளலாயிற்று. நுழைவுப் பரீட்சை மட்டும் நீடித்தது. லைசென்ஸைப் புதுப்பித்தல் ஒழிந்தது. அதனோடு அந்த 25 மணியும் ஒழிந்தது. இது ஏஜெண்டுக்குச் சௌகரியமே. பாலிசிதாரருக்குச் சௌகரியம் என்று நான் ஒப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2016இல் வருஷத்துக்கு 15 மணி நேரமேனும் கற்க வேண்டுமென்று விதித்தனர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார் இரண்டு வருஷத்துக்கு 24 மணி கேட்கின்றனர்.

நிற்க. ஒருமுறை கற்றது போதாதோ என்பீர்கள். 2012இல் பரீட்சை தேறிய ஒருவர், அன்று படித்ததையே இன்றும் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் படித்த 45ஆம் பிரிவின்படி, இரண்டு வருஷம் கடந்த பாலிசியை மறுக்கவேண்டுமாயின், கம்பெனி வஞ்சகத்தை ருசுப்பிக்க வேண்டும். 2015ஆம் வருஷத்துத் திருத்தம் அக்கெடுவை மூன்று வருஷமாக்கி, அதற்குமேல் எக்காரணத்தாலும் பாலிசியை மறுத்தல் கூடாது என்றது. "சர்க்கரை வியாதியை எழுத வேண்டாம் மாமா, இரண்டு வருஷம் ஓடினால் சரி" என்று சொல்லி விண்ணப்பப் படிவத்தைத் தாமே பூர்த்தி செய்யும் ஏஜெண்டு, விதவை ஒருத்தியின் கையிலுள்ள பத்திரத்தை வெற்றுக் காகிதமாக்கி விடக்கூடும்.

நாமினி விஷயம் இதனினும் நுட்பமானது. முன்னாளில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் கையே என்பது சித்தாந்தம். 1984இல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாறே தீர்ப்பளித்தது. 2015ஆம் வருஷத்துத் திருத்தமோ, பெற்றோர், மனைவி அல்லது கணவன், மக்கள் ஆகியோர் நாமினியாயின் பணம் அவர்களுக்கே உரியது என்றது. இதன்பின் 2025இல் கர்நாடக ஹைகோர்ட்டு, வாரிசுகள் உரிமை கோரினால் நாமினி மட்டும் முழுதும் கொள்ள இயலாது என்றது. விவாகத்துக்கு முன் தாயின் பெயரை எழுதியவன், விவாகமான பின்னும் மாற்றாது விட்டால், மாமியாரும் மருமகளும் கச்சேரிப் படி ஏற வேண்டுவதே. இவ்வளவையும் அறிந்த ஏஜெண்டு நம்மில் எத்தனை பேர்?

பிறவற்றைச் சுருங்கச் சொல்வேன். 2024இல், பாலிசி வேண்டாமெனத் திருப்பித் தரும் தவணை 30 நாள் ஆயிற்று. மருத்துவ இன்ஷியூரன்ஸில் முன்பே உள்ள வியாதிக்குக் காத்திருக்கும் உச்சகாலம் 48 மாதத்தினின்று 36 மாதமாகக் குறைந்தது. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 22-9-2025 முதல் நீங்கிற்று. இனி, "முதல் பிரீமியத்தில் பாதியை நானே கட்டுகிறேன்" என்று கமிஷனைப் பங்கிடும் தாராளமும் நம் ஊரில் உண்டு. அதை 41ஆம் பிரிவு தடுத்திருப்பதை அறியாதாரும் உளர். அறிந்தும் அறியாதார்போல் இருப்பாரும் உளர்!

ஆதலின் நமது சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஏஜெண்டு தொழில் புரியும் நம் இளைஞரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே இடத்தில் கூட்டி, அவ்விடைக்காலத்தில் வந்த விதி மாறுதல்களைத் தமிழில் வாசித்து விளக்கச் செய்ய வேண்டும். வக்கீல் ஒருவரும், கம்பெனிக் கிளையின் அதிகாரி ஒருவரும் வந்தால் போதும், செலவு சொற்பமே. தாய்மார்கள் இன்றிரவே பெட்டியிலுள்ள பாலிசியை எடுத்து, நாமினி என்றவிடத்தில் யார் பெயர் உள்ளதென்று பாருங்கள். மாற்ற வேண்டுமாயின், அதற்குரிய படிவம் கம்பெனியின் கிளை ஆபீஸில் கிடைக்கும்.