மீட்டர் போர்டு இருட்டானால் வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்



போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, பூந்தமல்லியில் கல்யாண வரவேற்பு முடிந்து கோவில்பதாகைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி, 1998-இல் வாங்கிய மாருதி 800. ஆவடி தாண்டி ஏரிப் பக்கம் வரும்போதுதான் கவனித்தேன், மீட்டர் போர்டில் வெளிச்சமே இல்லை. முள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. முன்விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. இந்தக் குண்டு குழியில் முப்பதுக்கு மேல் யார் போகப்போகிறார்கள், வேகம் தெரியாவிட்டால் என்ன என்று ஓட்டிவிட்டேன். வாசலில் நிறுத்தி இறங்கினால், பின்னாலேயே வந்த பைக்காரர் ஒருவர் நிறுத்தினார். "சார், உங்க வண்டியில பின்னாடி ஒரு லைட்டும் எரியல. கிட்ட வந்தப்புறம்தான் வண்டி இருக்கறதே தெரிஞ்சுது" என்றார்.

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. ஏனென்றால் இரண்டும் ஒரே கோளாறு. பெரும்பாலான பழைய கார்களில் மீட்டர் போர்டு விளக்கு, பின்பக்கச் சிவப்பு விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் ஒரே ஃபியூஸில்தான் ஓடும். முன்விளக்குக்குத் தனி ஃபியூஸ். அதனால் முன்னால் வெளிச்சம் இருக்கும், ஓட்டுகிறவருக்குக் குறை தெரியாது. மீட்டர் போர்டு திடீரென்று முழுசாக இருண்டால், முதல் வேலை வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் போய்ப் பார்ப்பதுதான். அங்கேயும் இருட்டு என்றால் ஃபியூஸ் போயிருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம்.

ஃபியூஸ் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. கத்தி மாதிரி தட்டையான ஃபியூஸ் என்றால் நிறத்திலேயே அளவு தெரியும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எது இருந்ததோ அதையே போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் சொருகும் பழக்கம் நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை. ஃபியூஸ் உருகாவிட்டால் அடுத்து உருகுவது ஒயர். அந்த ஒயர் போகிற இடம் நம் காலுக்குக் கீழே.

நான் புது ஃபியூஸ் போட்டேன். பார்க்கிங் லைட்டைப் போட்டதும் அதுவும் போயிற்று. அப்படியென்றால் எங்கோ ஷார்ட். எங்கள் தெரு முனையில் ஒயரிங் கடை வைத்திருப்பவர் மீட்டர் போர்டைத் தொடவே இல்லை. நேராகப் பின்னால் போய், நம்பர் பிளேட் விளக்கைக் கழற்றினார். உள்ளே ஒரு சொட்டு மழைத் தண்ணீர், பச்சை பூத்த ஹோல்டர், துரு அரித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு தகடுகள். அவ்வளவுதான் கோளாறு. டிக்கி மூடியின் கீல் ஓரம் ஒயர் உராய்ந்து தோல் போவது, ஸ்டீரியோ மாட்டியவர் வெட்டி ஒட்டிய ஜாயின்ட், ஏரிக்கரை வீடுகளில் எலி கடிப்பது, இவையும் வழக்கமான காரணங்கள் என்றார்.

ஃபியூஸ் நன்றாக இருந்து, பின்விளக்கும் எரிந்து, மீட்டர் போர்டு மட்டும் இருண்டிருந்தால்? டிம்மர் திருகு இருக்கும் வண்டிகளில் முதலில் அதைப் பாருங்கள். பேரப்பிள்ளை விளையாடிக் குறைத்து வைத்திருப்பான். அழுக்குப் படிந்திருந்தாலும் பத்து முறை இப்படியும் அப்படியும் திருப்பினால் உயிர் வந்துவிடும். பாதி எரிகிறது, பாதி எரியவில்லை என்றால் பல்பு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டரை வெளியே எடுத்தால், பின்பக்கம் சின்னச் சின்ன ஹோல்டர்கள். கால் திருப்புத் திருப்பினால் கையில் வரும். கண்ணாடி கறுத்திருந்தால் அந்தப் பல்பு போயிற்று. அங்கே ஒட்டியிருக்கும் செப்புக் கோடு போட்ட மெல்லிய தாளை உப்புத் தாளால் தேய்க்காதீர்கள், பள்ளிக்கூட ரப்பர் போதும். வெளிச்சம் கூடட்டும் என்று வாட் கூடின பல்பு போட்டால் மீட்டரின் பிளாஸ்டிக் இளகிவிடும். எல்.இ.டி. போட்டு எரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அதற்குப் பிளஸ் மைனஸ் உண்டு.

இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் மீட்டர் வெளிச்சமும் சேர்ந்து துடித்தால், பல்பைக் குற்றம் சொல்லாதீர்கள். அது எர்த் வீக். வண்டியின் பாடியில் முறுக்கியிருக்கும் எர்த் ஒயரின் அடியைச் சுரண்டிவிட்டு இறுக்கினால் போதும்.

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடர் அதே ஆண்டு மே மாதம். நம் தெருக்களில் நிற்கும் இந்த வண்டிகளில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. நல்லவேளை, பல்பும் ஹோல்டரும் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ இன்னும் கிடைக்கின்றன.

கடைசியாக ஒன்று. மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை இருப்பதால் டைனமோ, ஆல்டர்நேட்டர் வேலை தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. அப்படி ஒரு ஓய்வு பெற்ற தொழிலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. பல பழைய வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்கு வெறும் எச்சரிக்கை இல்லை. ஆல்டர்நேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் ஏறாமல் போகலாம். நாமோ, சிவப்பு விளக்கு எரியவில்லை, எல்லாம் சுகம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். நாலு நாளில் பேட்டரி படுத்துவிடும். அதற்குப் புது பேட்டரி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எல்.இ.டி.யை அந்த இடத்தில் மட்டும் போடாதீர்கள். அது இழுக்கும் மின்சாரம் ஆல்டர்நேட்டருக்குப் போதாது.

சாவியை ஒரு கட்டம் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் நிறுத்திப் பாருங்கள். பேட்டரி விளக்கு, ஆயில் விளக்கு இரண்டும் எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கை நம்பாதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கீழே போய், பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.