கம்பி செல்லும் வழி

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டில் எழுந்த தம்பபவனி நிலையத்தின் காற்றாலைகள் 30. அவற்றின் ஆற்றல் 103.5 மெகாவாட். அம்மின்சாரம் நெடுங்கோபுரங்களின் வழியே பெருநிலம் சேர்கின்றது. அத்தகைய கோபுரங்களின் உச்சியில் ஓடும் கம்பிக்குள் கண்ணாடி இழையையும் வைக்கலாம்; கரையோரச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அதிவேக இணையம் கொண்டுசெல்வது எளிதாகும்.

ஆயினும், மின்சாரத்துக்கென்று தம் பனங்காணியில் வழிவிட்டவர் இணையத்துக்கும் வழிவிட்டவராவாரோ? அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மின்கம்பி வழியிலே பிறருக்குத் தொலைத்தொடர்புச் சேவை விற்றமைபற்றி எழுந்த வழக்கில், ஆகார் என்றே மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தீர்த்தது.

கிணற்றுக்கு நடந்துபோக விட்ட ஒழுங்கையில் வண்டி ஓட்டுவதானால், காணிக்காரரைக் கேட்பதன்றோ நம் ஊர் முறை? கேட்போம், உரிய ஈடு கொடுப்போம், பின்னர் இழையை இழுப்போம். நம் மாணாக்கரின் கல்வி அயலவரின் மனத்தாங்கல்மீது வளரலாகாது.