தோற்றது எது? யேல் பல்கலைக்கழகத்தின் கட்டண ஒத்திவைப்புத் திட்டம்

கல்விக்கடன் என்று தலைப்பு அறிவித்ததுமே நான் எதைப் பேசுவேன் என்று முன்வரிசையில் இருக்கும் நண்பர்கள் ஊகித்திருப்பார்கள். துறைக் கருத்தரங்குகளில் நேரமின்றிப் பாதியில் நின்றுபோன வாதத்தை இன்று முடித்துவைக்க விரும்புகிறேன்.

படித்து முடித்தவர் தம் வருமானத்துக்கு ஏற்பக் கடனை அடைக்கலாமா, அல்லது எல்லோரும் ஒரே மாதிரித் தவணை கட்டுவதுதான் சரியா என்பது கேள்வி. வருமானத்தோடு இணைந்த கடனை நான் ஆதரிக்கும்போதெல்லாம் நண்பர்கள் யேலைக் காட்டுவார்கள். அவ்வளவு வசதியான பல்கலைக்கழகமே செய்து பார்த்துக் கைவிட்டது, பிறகென்ன பேச்சு என்பார்கள். யேலின் திட்டம் தோற்றது உண்மை. எதனால் தோற்றது என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு.

மாணவரின் எதிர்கால வருமானத்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு அவர் படிப்புக்கு முதலீடு செய்யலாம் என்று 1955-இல் ஒரு கட்டுரையில் எழுதியவர் மில்டன் ஃபிரீட்மன். யேலில் அதற்குத் திட்ட வடிவம் கிடைத்ததில் பெரும்பங்கு ஜேம்ஸ் டோபினுக்கு உண்டு. பொருளியலின் பெரிய சர்ச்சைகளில் இவர் ஃபிரீட்மனுக்கு எதிரணி என்பது இங்கே பலருக்கும் தெரியும். எதிரெதிர் அணியினர் இருவருமே ஏற்ற கருத்து இது. கிங்மன் புரூஸ்டர் யேலின் தலைவராக இருந்தபோது, 1971-இல், திட்டம் தொடங்கியது. 3,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்தார்கள். அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த பில் கிளிண்டனும் அவர்களில் ஒருவர்.

விதி இதுதான். கட்டணத்தில் ஒத்திவைத்த ஒவ்வொரு 1,000 டாலருக்கும் ஆண்டு வருமானத்தில் 0.4 சதவீதம் கட்ட வேண்டும். அதிகபட்சம் 35 ஆண்டுகள். ஆனால் உங்கள் கடன் அடைந்தாலும் நீங்கள் விடுபட முடியாது. உங்களோடு சேர்ந்த பேட்ச் முழுவதன் கடனும் வட்டியும் அடைய வேண்டும். முன்கூட்டியே விலக விரும்புபவர் தம் கடனைப்போல் ஒன்றரை மடங்கையும் வட்டியையும் கட்டிவிட்டு வெளியேறலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 3,000 டாலர் ஒத்திவைத்தார், வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வட்டி மட்டும் 240 டாலர். அவர் 20,000 டாலர் சம்பாதித்தால் கட்டுவது 1.2 சதவீதம், அதாவது அதே 240 டாலர். அசலில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. அவர் பள்ளி ஆசிரியராகி 10,000 டாலர் சம்பாதித்தால் கட்டுவது 120. மீதி 120 பேட்சின் தலையில் ஏறுகிறது. பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்தவரோ ஒன்றரை மடங்கைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் கட்டிய உபரி பேட்சுக்கு வந்தது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் அவரிடமிருந்து வந்திருக்க வேண்டிய பெருந்தொகை வராமலே போயிற்று. பிறரைத் தாங்கக்கூடியவர்கள் வெளியேற, தாங்கப்பட வேண்டியவர்கள் உள்ளே மிஞ்சினார்கள்.

இதோடு வசூல் சிக்கலும் சேர்ந்தது. பட்டதாரிகள் நாடெங்கும் சிதறிவிட்டார்கள். வருமான வரித்துறையின் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. சிலர் கட்டாமல் விட்டார்கள். அந்தப் பாக்கியும் ஒழுங்காகக் கட்டியவர்கள் மேலேயே விழுந்தது. நம் மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் அன்றே அவர் வாசலில் போய் நிற்க முடியும், ஏனென்றால் ஒரே தெருக்காரர்கள். யேலின் பேட்சில் யார் கட்டவில்லை என்று கேட்கக்கூட உறுப்பினருக்கு வழியில்லை. தன் கடனை வட்டியோடு அடைத்த பின்னும், முகமறியாத சக மாணவருக்காக நாற்பது வயது கடந்தும் பணம் அனுப்பியவர்களின் கசப்பு முழுக்க நியாயமானது.

1978-இல் புதிய சட்டம் ஒன்று, அரசு உத்தரவாதக் கடனுக்கு இருந்த குடும்ப வருமான உச்சவரம்பை நீக்கியது. மலிவான கடன் எல்லோருக்கும் கிடைத்தது. அந்த ஆண்டோடு யேலின் திட்டமும் நின்றது. பழைய பேட்சுகளின் மிச்சக் கடனை 2001-இல் பல்கலைக்கழகமே ரத்து செய்து கணக்கை மூடியது.

இந்த வரலாற்றில் எந்த இடத்தில் வருமான இணைப்பு குற்றவாளி? குறைவாகச் சம்பாதித்தவர் குறைவாகக் கட்டினார். அந்தப் பகுதி எண்ணியபடியே நடந்தது. முறிந்தவை கூட்டுப்பொறுப்பும், வெளியேறும் வாசலும், அதிகாரமற்ற வசூலும். மூன்றையும் நீக்கிப் பார்த்த நாடு ஆஸ்திரேலியா. பொருளியலாளர் புரூஸ் சாப்மன் வகுத்துக் கொடுத்த வழியில் 1989-இல் தொடங்கிய அவர்கள் முறையில் பேட்ச் கிடையாது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம், பிடிப்பது வரித்துறை. விகிதங்கள் பலமுறை மாறினாலும் முறை இன்றும் நிற்கிறது. வராக்கடனை அங்கே அரசு சுமக்கிறதே என்று நண்பர்கள் கேட்பார்கள். சுமக்கத்தான் வேண்டும். சில நூறு பேர் கொண்ட பேட்சால் தாங்க முடியாத இடரை, ஒரு நாட்டின் வரி செலுத்துவோர் அனைவரும் சேர்ந்தால் தாங்க முடியும்.

நம் நாட்டைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே படிப்பு முடிந்து ஓராண்டுச் சலுகைக் காலம் கழிந்தால், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கும். பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார்கள். வட்டிக்கு வருமான வரிச்சலுகை உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவருக்கு அதனால் பயனில்லை. இது விரிவாகப் பேச வேண்டியது, நேரமில்லை.

இனி ஆராய வேண்டியவை சில. கடனையே விலக்கி, தேவைப்படுவோருக்கு உதவித்தொகை மட்டும் என்று 2001-இல் பிரின்ஸ்டன் எடுத்த முடிவு தனி ஆய்வுக்குரியது. பெரும் நிதிக்குவியல் இல்லாத பல்கலைக்கழகங்கள் அதைப் பின்பற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். பர்டூ பல்கலைக்கழகம் 2016-இல் தொடங்கி 2022-இல் நிறுத்திவைத்த வருமானப் பங்குத் திட்டத்தையும் யேலோடு ஒப்பிடலாம். திருமணத்துக்குப் பின் வேலையைவிட்ட பெண்களின் கல்விக்கடனை யார் அடைக்கிறார்கள் என்பதை நம் மாவட்ட வங்கிக் கிளைகளில் கேட்டறியலாம். முறைசாராத் தொழிலில் இருக்கும் பட்டதாரிகளிடம் வரித்துறை வழியாகப் பிடித்தம் செய்வது எப்படி என்பதற்கு என்னிடமும் முழு விடை இல்லை. ஆய்வுப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.