வாரின் நீளமும் கணக்கின் வலிமையும்
(கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



தோலைத் தொட்ட கையை ஊர் ஒதுக்கிற்று. அக்கை செய்த செருப்பையும் கவலை இறைக்கும் தோற்பறியையும் மட்டும் ஏற்றுக்கொண்டது. அத்தொழிலின் கணக்கை நம் முன்னோர் சாணாலும் முழத்தாலும் அறிந்திருந்தனர். ஏட்டில் ஏறாமையால் அவ்வறிவு வெறுங்கூலியாகவே மதிக்கப்பட்டது. இன்று ஒரு சிறு பொருளைக் கொண்டு அக்கணக்கை எழுதிப் பார்ப்போம். அது மூன்று வார் கொண்டு பின்னும் தோற்காப்பு. வார் குறைந்தால் பின்னல் பாழ். மிகுந்தால் தோல் வீண். இரண்டு நட்டமும் உழைப்பவன் தலையிலேயே விழும்.

மணிக்கட்டின் சுற்றளவு 17 செ.மீ. எனக் கொள்வோம். பின்னலின் கனத்திற்கும் தளர்ச்சிக்கும் 2 செ.மீ. கூட்டினால் காப்பின் நீளம் 19 செ.மீ. பின்னலில் வார் நேராகச் செல்வதில்லை. சாய்ந்து சாய்ந்து செல்கிறது. சாய்வு 45 பாகையானால், சதுரத்தின் மூலைவிட்டம் போல, 1 செ.மீ. பின்னலுக்கு 1.41 செ.மீ. வார் வேண்டும். வாரின் கனத்தையும் கருதி ஒன்றரை மடங்கு கொள்வது நலம். 19 செ.மீ.க்கு 28.5 ஆகும். இரு முனை முடிச்சுகளுக்கும் எட்டெட்டாக 16 கூட்டினால் 44.5; அதாவது 45 செ.மீ. மூன்று வாருக்கு 135 செ.மீ.

நீண்ட தோல் இல்லையே என்று கலங்க வேண்டா. 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துண்டைச் சுருள்போல அறுத்தால் வார் கிடைக்கும். துண்டின் பரப்பு 78.5 ச.செ.மீ. வெட்ட இயலாத நடுப்பகுதி ஏறத்தாழ 3 ச.செ.மீ. எஞ்சியதை வாரின் அகலமாகிய 0.3 செ.மீ.ஆல் வகுத்தால் சுமார் 250 செ.மீ. அதில் 45 செ.மீ. வார்கள் ஐந்து தேறும். ஆகவே மூன்று துண்டுகளில் பதினைந்து வார், ஐந்து காப்புகள். இரண்டு துண்டில் நான்கு காப்பு முடியும் என எவரேனும் கூறினால், பத்து வாரில் மூன்றே முடியும் என்று நீங்கள் விடையளிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: சுருளாய் அறுத்த வாரை நனைத்து இழுத்து நேராக்கி, உலர்ந்தபின் அளவிடுக. தோலுக்குத் தோல் நெகிழ்ச்சி மாறுமாதலின், முதலில் ஒரு சிறு பின்னல் பின்னிப் பார்த்து, ஒன்றரை மடங்கு சரிதானா எனச் சோதித்துக்கொள்க.

1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தோல் அறிவியலுக்கு உரிய பொருள் என்பதற்கு அதுவே சான்று. வாரை அறுக்கும் கையில் எழுதுகோலும் இருக்குமாயின், நம் உழைப்பின் விலையைப் பிறர் மட்டுமே சொல்லும் நிலை மாறும். அந்நிலை மாறவே இக்கல்வி.