கெட்டிமேளத்தின் நொடி

கலியாண வீட்டில் அனைவரும் அமர்ந்து அளவளாவியிருக்க, காலை முதல் நின்றுகொண்டே இருப்பவர் ஒருவர் உண்டு. அவரே புகைப்படக்காரர்.

ஃபிலிம் வழங்கிய காலத்தில், 120 எண் சுருள் ஒன்றில் 12 சதுரப் படங்களே எடுக்கலாம். மின்னொளிக் குமிழ் ஒருமுறை ஒளிர்ந்தால் தீர்ந்தது. கெட்டிமேளம் முழங்கும் சில நொடிகளில் தாலி ஏறிவிடும்; அட்சதை பொழியும்; உறவினர் எழுந்து மறைப்பர். அப்போது சுருள் தீர்ந்துபோனால், மறுபடியும் கட்டுங்கள் என்று கேட்க முடியுமா? ஆதலால் முன்னரே புதுச் சுருள் மாட்டி, இடம் பிடித்து நிற்பார்.

இன்று டிஜிட்டல் காமிரா ஆயிரக்கணக்கில் படமெடுக்கிறது. அந்த நொடி மட்டும் நீளவில்லை. மும்பையிலோ தில்லியிலோ நம் இல்லத் திருமணத்திற்கு வருபவர் வேற்று மொழியினராக இருக்கலாம். வடநாட்டு மணங்கள் பலவற்றில் அக்கினியை ஏழு முறை வலம்வருவர். அதற்குப் பழகியவர் நம் தாலி முடிச்சைத் தவறவிடக்கூடும். கெட்டிமேளத்தின் பொருளை முதல்நாளே அவருக்குச் சொல்லுங்கள். ஓரமாய் அமர்ந்திருக்கும் முதியோரையும் காட்டிக்கொடுங்கள். அவர்கள் யாரென அவர் அறியார்.

ஊரிலிருந்து வர இயலாத பாட்டிக்கு அச்சிட்ட படம் அனுப்புங்கள். பின்புறம் பெயர்களையும் ஆண்டையும் எழுதுங்கள். வெளிமாநிலத்தில் வளரும் பேரக் குழந்தைகளுக்கு உறவினரை அடையாளம் காட்ட அது உதவும்.